திருமண வாணவேடிக்கையில் 132 சாவு

கேள்வி: பிரெஞ்சு அரசி மேரி அந்துவானெத்தின் கல்யாணக் கொண்டாட்டத்தில் தீவிபத்து நடந்ததாமே?

பதில்: நடந்தது. 1770 மே 16-ல் வெர்சாயில் கல்யாணம். மணமகன் இளவரசன் லூயிக்கு (பின்னாளில் பதினாறாம் லூயி) வயது 15, மணமகளுக்கு 14! மே 30 இரவு, பாரிஸின் பதினைந்தாம் லூயி சதுக்கத்தில் வாணவேடிக்கை. அங்கே குவித்திருந்த வெடிகளில் தீப்பற்றியது.

ஆனால் கொன்றது தீயைவிட நெரிசல்தான். மிரண்ட கூட்டம் ருவாயால் தெருவுக்குள் பாய, அங்கே குதிரை வண்டிகள். போதாக்குறைக்குக் கட்டட வேலைக்குத் தோண்டிய பள்ளங்கள். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 132 பேர். அது குறைத்துச் சொன்ன கணக்கு என்று பேசியவர்கள் உண்டு.

சடலங்கள் மதலேன் இடுகாட்டுக்குப் போயின. பிரெஞ்சுப் புரட்சியில், 1793-ல் அதே சதுக்கத்தில் தலை வெட்டப்பட்ட லூயியும் மேரியும் புதைக்கப்பட்டதும் அங்கேதான்.

லூயியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விபத்தைக் கேள்விப்பட்டதும், தன் மாதப் படியை போலீஸ் தலைவர் சார்த்தீனுக்கு அனுப்பி, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கச் சொன்னான் அந்தப் பையன்.