வோக்கர் பிடித்தால் விழமாட்டார் என்று யார் சொன்னது?

“வோக்கர் ஒண்டு வாங்கிக் குடுத்திட்டம். இனி அம்மா விழமாட்டா.”

கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் வவுணதீவிலும் பிள்ளைகள் நிம்மதியோடு சொல்கிற பேச்சு இது. சுவிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு அனுப்புகிறவர்கள் தொலைபேசியில் சொல்வதும் இதையேதான். இயன்மருத்துவம் செய்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. மறதிநோய் வந்த அம்மாவின் விஷயத்தில் இந்த நிம்மதி ஆபத்தானது.

அமெரிக்காவில் 2001 முதல் 2006 வரையான அவசரசிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வோக்கரோடும் பொல்லோடும் விழுந்து காயப்பட்டு வந்த முதியவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 47,000 பேருக்கு மேல். அவர்களில் 87 வீதமானோர் வோக்கர்காரர். தளர்ந்தவர்தான் வோக்கர் பிடிக்கிறார், அது சரி. ஆனால் பிடித்த பிறகும் விழுந்திருக்கிறார்களே!

காரணம் காலில் மட்டும் இல்லை, மூளையிலும் இருக்கிறது. வோக்கரைத் தூக்க வேண்டும், முன்னே வைக்க வேண்டும், நாலு காலும் நிலத்தில் பட்டதைப் பார்க்க வேண்டும், பிறகுதான் அடி எடுக்க வேண்டும். கவனம் குறைந்துபோன மூளைக்கு இந்த ஒழுங்கே ஒரு பாரம். திரும்பும்போது பாரம் இன்னும் கூடும். 1997 இல் சுவீடனில் முதியோர் விடுதியில் இருந்த 58 பேரை நடக்கவிட்டு, நடையிலேயே கதை கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒன்றாக ஓடாத மூளையிடம் நாம் நாலு கால் சட்டமொன்றையும் கொடுத்துவிட்டு, “கவனம் அம்மா” என்கிறோம்.

ஆகவே, வோக்கர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதை அவர் பாதுகாப்பாகப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹன்டரும் குழுவினரும் மறதிநோய் உள்ளவர்களுக்கென்றே இதற்கொரு சரிபார்ப்புப் பட்டியல் உருவாக்கினார்கள். உடல் எப்படி இயங்குகிறது, கருவியை எப்படிக் கையாளுகிறார் என்று இரண்டையும் தனித்தனியே அது மதிப்பிடுகிறது. பலமாக நடப்பவர்கூட இரண்டாவதில் தவறுவார்.

நீங்கள் வீட்டில் பார்க்க வேண்டியவை இவை. கதிரையிலிருந்து எழும்பும்போது கதிரையின் கையை ஊன்றுகிறாரா, வோக்கரைப் பிடித்து இழுக்கிறாரா? இழுத்தால் அது சரிந்து அவர்மேலே விழும். நடக்கும்போது சட்டத்துக்குள் நிற்கிறாரா, அதைத் தூர விட்டுக் குனிந்து துரத்துகிறாரா? திரும்பும்போது வோக்கரைத் தூக்கிச் சுமக்கிறாரா? நிலைப்படியில் என்ன செய்கிறார்? இருக்கும்போது, காலின் பின்புறம் கதிரையில் படும்வரை பின்னால் வருகிறாரா? வோக்கரைச் சுவரோரம் விட்டுவிட்டுத் தன்பாட்டில் நடக்கிறாரா? காலையில் ஒருமுறை பாருங்கள். பொழுதுபட்ட பிறகு இன்னொருமுறை பாருங்கள். பலருக்கு அந்திக்குமேல் குழப்பம் கூடும். காய்ச்சல் வந்தாலும், புது மருந்து தொடங்கினாலும், ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாலும் திரும்பப் பாருங்கள்.

உயரமும் முக்கியம். நேரே நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். செத்துப்போன பெரியப்பாவின் வோக்கரை அப்படியே அம்மாவிடம் கொடுக்கிறீர்கள். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பீர்களா?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை.

“அறளை பெயர்ந்த ஆளுக்கு ஒண்டும் பழக்க ஏலாது.” பிழை. புதுச் செய்தி தங்காது. திரும்பத் திரும்பச் செய்த அசைவு தங்கும். ஒரே ஆள், ஒரே சொல், ஒரே ஒழுங்கு, ஒவ்வொரு நாளும். பிழைவிட்ட பிறகு ஏசுவதை விட்டு, பிழைவிட முன்னமே கையைப் பிடித்துச் சரியாகச் செய்விக்க வேண்டும். அப்படியும் பிடிபடாவிட்டால் பக்கத்தில் ஓர் ஆள் நடக்க வேண்டும்.

“வோக்கர் பிடிச்சால் கால் பலம் போயிடும்.” பலத்தைத் தின்பது கட்டில். சுகமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்த ஓர் ஆய்வு 2007 இல் வெளியானது. கால்களில் மட்டும் அவர்கள் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள்.

“சில்லு வைச்சதுதான் திறம்.” சீமெந்துத் தரையில் திறம்தான். நாவலடி மணலில் சில்லுப் புதையும். பிரேக்கை மறப்பவருக்கு நாலு சில்லு வோக்கர் முன்னே ஓடிவிடும்.

“இது வயசுக்கு வாறதுதானே.” ராகமையில் செய்து 2003 இல் வெளியிட்ட ஆய்வில் முதியவர்களுள் நூற்றுக்கு நாலு பேரளவில் மறதிநோய் இருந்தது. மற்ற 96 பேருக்கும் வயது போகவில்லையா?

இனி, கொடையாளிகளே, உங்களோடும் பேச இருக்கிறது. மேடை போட்டு, மாலை போட்டு, வரிசையில் நிறுத்தி வோக்கர் கொடுத்துப் படம் எடுக்கிறீர்கள். அளந்தவர் யார்? நடக்கவிட்டுப் பார்த்தவர் யார்? ஆஸ்பத்திரித் தரையில் பார்ப்பதும் போதாது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலையிலிருந்து வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு வருவது இலகுவாகிவிட்டது, உண்மை. ஆனால் மாபிள் தரையில் நேராக நடந்து காட்டுகிற பெத்தா, வீட்டுக்குப் போய் நடக்க வேண்டியது விறாந்தைப் படியிலும் கிணற்றடிச் சேற்றிலும் வளவின் மூலையிலுள்ள மலசலகூடத்துக்குப் போகிற பாதையிலும். பரிசோதனை நடக்க வேண்டிய இடமும் அதுதான்.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க இந்த நாட்டில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் பெயரால் நான் கேட்பது இதைத்தான்: ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்கும், வீடு தேடிப் போகிற ஓர் இயன்மருத்துவர். அடுத்த ஐம்பது வோக்கருக்குச் சேர்த்த காசில் இருபத்தைந்தை வாங்குங்கள். மிச்சக் காசில் மலசலகூடச் சுவர்களுக்குக் கைபிடிக் கம்பி பூட்டுங்கள், பாதைக்குச் சீமெந்து போடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறவரின் போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். விழாமல் காக்கும் கொடை அதுதான்.