மழைச் செய்தியை வாசிப்போம்

எங்கள் படிப்பு மையத்துக்கு வரும் ஒரு அக்கா அன்று செல்போனை என்னிடம் நீட்டினார். அதில் கேரள வரைபடம் இருந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு நிறம். இடுக்கிக்கு ஆரஞ்சு.

"தம்பி, மழைக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். மூலையில் இருந்த பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குப் பெட்டிமுடி ஞாபகம் வருது" என்றார்.

பெட்டிமுடி நமக்குத் தூரமான ஊர் அல்ல. மூணாறுக்குப் பக்கம், ராஜமலையில் உள்ள தேயிலைத் தோட்டம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேரை இழந்தோம். எல்லோரும் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம் உறவு உண்டு. சில நாட்களாகவே அங்கே மழை விடாமல் பெய்தது. கரண்ட் இல்லை. போன் வேலை செய்யவில்லை. வெளியுலகத்துக்குச் செய்தி தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது.

அன்று ஒரே நாளில் அங்கே பெய்த மழை 600 மில்லிமீட்டருக்கு மேல். இந்த எண் நமக்குப் புரிய வேண்டும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 30 சென்டிமீட்டர். அதாவது 300 மில்லிமீட்டர். இரண்டு ஸ்கேலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் 600. பெய்த மழை ஓடாமல், மண்ணில் இறங்காமல் அப்படியே நின்றால், நம் முழங்காலுக்கு மேல் வரும். ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் 24,000 லிட்டர் தண்ணீர். மலையில் எத்தனை சென்ட் இருக்கிறது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அவ்வளவு தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கினால் மண் கனக்கும், இளகும். அடியில் பாறை. மேலே இளகிய மண். பிடி விட்டுப்போகிறது.

இனி நிறங்களுக்கு வருவோம். வானிலை ஆய்வுத் துறை நான்கு நிறங்களில் செய்தி தருகிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. செய்தி பெரும்பாலும் மலையாளத்தில் வரும். சில சொற்களை மட்டும் காதில் வைத்துக்கொண்டால் போதும். 'சக்தமாய மழ' என்றால் ஒரு நாளில் சுமார் 65 முதல் 115 மில்லிமீட்டர் வரை. இது மஞ்சள். 'அதிசக்தமாய மழ' என்றால் 115க்கு மேல், 204 வரை. இது ஆரஞ்சு. 'அதிதீவ்ர மழ' என்றால் 204க்கும் மேல். இது சிவப்பு. 'உருள்பொட்டல்' என்று சொன்னால் மலை உடைந்து மண்ணும் பாறையும் நீரோடு வருவது. 'ஜாக்ரதா' என்றால் எச்சரிக்கை. பெட்டிமுடியில் பெய்தது சிவப்பின் அளவைப் போல மூன்று மடங்கு.

"போன தடவையும் ஆரஞ்சு சொன்னாங்க. மறையூர்ல என் தங்கச்சி வீட்டுல தூறல்கூட இல்லையே" என்றார் அக்கா.

நியாயமான கேள்விதான். நிறம் மாவட்டம் முழுவதற்கும் சொல்வது. மறையூர் மழை மறைவுப் பகுதி. ராஜமலையில் கொட்டும்போதும் அங்கே வெயில் அடிக்கலாம். பாலக்காட்டிலும் அப்படித்தான். நெல்லியாம்பதியில் கொட்டும், கீழே கொழிஞ்சாம்பாறையில் சாரல்தான் இருக்கும். ஆகவே நம் சரிவில் எவ்வளவு பெய்கிறது என்று நாமே பார்க்க வேண்டும்.

அதற்குச் செலவு இல்லை. அடி தட்டையாக, பக்கம் நேராக உள்ள ஒரு டப்பா போதும். வாய் குறுகி இருக்கக் கூடாது. கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெட்டவெளியில் வையுங்கள். காற்று தள்ளாமல் சுற்றிலும் கல் வையுங்கள். காலை எட்டரைக்கு ஸ்கேலை உள்ளே விட்டுப் பாருங்கள். ஸ்கேலின் நுனியில் பூஜ்யத்துக்கு முன் கொஞ்சம் இடம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1 சென்டிமீட்டர் நின்றால் 10 மில்லிமீட்டர் மழை. நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பிறகு டப்பாவைக் கவிழ்த்து மறுபடி வையுங்கள். எழுதப் படித்ததற்கு இது நல்ல வேலை.

பெருமழை நாளில் காலை வரை காத்திருக்காதீர்கள். மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்கள். 10 சென்டிமீட்டர் தாண்டியும் மழை விடவில்லை என்றால் சரிவின் கீழே தூங்கக் கூடாது என்பது எங்கள் மையத்தில் நாங்கள் பேசி வைத்த கணக்கு. நாலைந்து நாள் தொடர்ந்து பெய்திருந்தால் அவ்வளவுகூட வேண்டாம்.

சிவப்பு வரட்டும் என்று இருப்பதும் தவறு. 2024 ஜூலை 30 விடியும் முன் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. அதற்கு முன் வயநாட்டுக்குச் சொல்லியிருந்தது ஆரஞ்சு. சிவப்பு வந்தது மலை சரிந்த பிறகு.

இரண்டு இடத்திலும் அது இரவு நேரம். அதனால்தான் போவதென்றால் பகலிலேயே போகச் சொல்கிறார்கள். சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது போஸ்ட், இல்லாத இடத்தில் ஊற்று, ஓடையில் திடீரென்று கலங்கல், அல்லது ஓடை சட்டென்று வற்றுவது: இதில் ஒன்றைக் கண்டாலும் நிறம் எதுவென்று பார்க்க வேண்டாம். கிளம்புங்கள். 1077க்குப் போன் செய்தால் மாவட்ட அவசர உதவி மையம் பேசும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர்' என்று சொல்வார்கள். பஸ் ஓடும் வேகம்தானே என்று தோன்றும். அந்த வேகத்தில் தகரக்கூரையின் ஒரு முனை தூக்கினால் போதும். மழையில் வேர் இளகிய மரமும் சாயும். அறுந்த கம்பியைத் தொடாமல் 1912க்குச் சொல்லுங்கள்.

"எல்லாம் சரி தம்பி. மாட்டை யார் பார்ப்பா? ஒரு நாள் கூலியை யார் தருவா?" என்றார் பாட்டி.

கூலிக்கு என்னிடம் பதில் இல்லை. அதை யூனியன் கூட்டத்தில் கேட்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தோம். மாட்டுக்குப் பதில் உண்டு. கூட்டிப்போக முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்து விட்டுப் போகலாம். ரேஷன் கார்டும் ஆதாரும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைக்கலாம்.

பயிற்சி

இந்தச் செய்தியைச் சத்தமாக வாசியுங்கள்: "இடுக்கி ஜில்லையில் நாளெ ஓறஞ்ச் ஜாக்ரதா. அதிசக்தமாய மழைக்கு சாத்தியத." சாத்தியத என்றால் வாய்ப்பு உண்டு என்று பொருள்.

எத்தனை மில்லிமீட்டர் வரை பெய்யலாம்? அது டப்பாவில் எத்தனை சென்டிமீட்டர்? உங்கள் லயத்தில் நடக்க முடியாதவர்கள் யார் யார்? அவர்கள் பெயரையும், அவர்களைக் கூட்டிப்போகிறவர் பெயரையும் எழுதுங்கள்.