கைப்பணமும் கணிப்பொறியும்



விளையாட்டும் மனிதனுக்கு வேண்டுவதே. பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் உழைத்தவன் இரவில் ஒரு மணி நேரம் வேலரன்ட் ஆடினால் அதனால் அவன் கல்வி கெட்டுவிடாது. ஆனால் அதற்கென வாங்கும் கணிப்பொறி, ஊரில் பெற்றோர் மிச்சம் பிடித்து அனுப்பிய பணத்தில் வாங்கப்படுவது. படிப்பு முடியும்வரை உழைக்க வேண்டியது. இங்கே தில்லியில், நேரு பிளேஸ் கடைகளில் ஏறி இறங்கும் நம் மாணவர்களுக்குத் துணையாக நான் பலமுறை சென்றிருக்கிறேன். பணம் குறைவாக இருப்பதால் ஏமாறியவர் சிலரே. பணத்தைத் தவறான இடத்தில் குறைத்து ஏமாறியவரே பலர் என்பது நான் அங்கே கண்ட உண்மை. ஆகவே எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கலாகாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. திரையிலிருந்து தொடங்குக

கடைக்குச் சென்றதும், “ஐ5 வாங்கலாமா, ஐ7 வாங்கலாமா?” என்று புராசசரைப் பற்றியே பலரும் கேட்பர். எந்த மானிட்டரில் ஆடப் போகிறோம் என்பதன்றோ முதற்கேள்வி?

1920-க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 2560-க்கு 1440 என்றால் அவை 36,86,400 ஆகின்றன. 4கே எனப்படும் 3840-க்கு 2160 திரையிலோ 82,94,400. அதாவது முதல் திரையைப்போல் நான்கு மடங்கு. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின் ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் தீட்டி முடிக்க வேண்டும். 144 படங்கள் வேண்டுமாயின் 6.9 மில்லிநொடியே கிடைக்கும்.

இதிலிருந்து விளங்குவது யாது? திரையின் செலவு திரையோடு நிற்பதில்லை. அது கிராபிக்ஸ் கார்டின் விலையை ஏற்றும். கார்டு பவர் சப்ளையின் விலையை ஏற்றும். சிறு தொகை உடையவர்கள் 1080 திரையோடு அமைவதே அறிவுடைமை. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

2. இருவர் செய்யும் வேலை

விளையாட்டில் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்றெல்லாம் கணக்கிட்டு, “இதை வரைக” என்று கட்டளை தருவது புராசசர். அக்கட்டளைப்படி புள்ளி புள்ளியாக வண்ணம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. இருவருள் எவர் தாமதித்தாலும் படம் தாமதிக்கும். சைபர்பங்க் 2077 போன்ற விளையாட்டுகள் பெரிதும் கார்டை வருத்துவன. வேலரன்ட் போன்றவற்றில் நொடிக்குப் பல நூறு படங்கள் எழும்போது சுமை புராசசரின் மேல் விழுகிறது.

எது தடையாக நிற்கிறது என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நண்பரின் கணிப்பொறியில் நீங்கள் விரும்பும் விளையாட்டைத் திறந்து, திரை அளவைக் குறைத்துப் பாருங்கள். படங்களின் எண்ணிக்கை ஏறினால் தடை கார்டில் உள்ளது. ஏறாவிட்டால் பெரும்பாலும் புராசசரில் உள்ளது. கடைக்காரரின் சொல்லைவிட இச்சோதனை நம்பத்தக்கது.

மானிட்டர் நீங்கலாகக் கையிலுள்ள பணத்தை நூறு பங்காக்கினால், கார்டுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது பங்கும், புராசசருக்குப் பதினைந்து முதல் இருபது பங்கும் ஒதுக்குமாறு நான் சொல்வது வழக்கம். ஆறு கோர் உள்ள புராசசர், 8 ஜிபி நினைவகம் உள்ள கார்டு, இவ்விரண்டும் 1080 திரைக்கு நல்ல இணை. 2022-இல் வந்த ரைசன் 5 5600, 2021-இல் வந்த ஆர்.எக்ஸ். 6600 ஆகியவை இத்தகைய இணைக்கு எடுத்துக்காட்டு. இயந்திரக் கற்றல் பாடம் எடுப்பவர்கள் மட்டும் ஒன்றை நினைவிற் கொள்க: கூடா என்னும் மென்பொருள் அடித்தளம் என்விடியா கார்டுகளுக்கே உரியது. பாடத்துக்கு அது வேண்டுமாயின் அங்கே கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவாகாது.

கார்டு வாங்கவே பணம் இல்லையா? கலங்க வேண்டா. கிராபிக்ஸ் உள்ளடங்கிய புராசசர்கள் உண்டு. 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி அவற்றுள் ஒன்று. எளிய விளையாட்டுகளை அதிலேயே ஆடலாம். கார்டைப் பின்னர்ச் சேர்க்கலாம். ஆனால் இன்டெல் புராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை. கார்டு இல்லாமல் அதை வாங்கினால் திரை இருண்டே கிடக்கும்.

3. குறைக்கத்தக்க இடங்கள்

வண்ண விளக்குகள், கண்ணாடிக் காபினெட், புராசசரை நீரால் குளிர்விக்கும் கருவி ஆகியவற்றை முதலில் நீக்குக. தில்லியில் மே, சூன் திங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டுகிறது. அப்போது முகப்பில் கண்ணாடி அடைத்த காபினெட்டைவிட, காற்று புகும் வலைமுகப்பு உள்ள எளிய காபினெட்டே உதவும்.

மதர்போர்டிலும் குறைக்கலாம், ஆனால் பார்த்துக் குறைக்க வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017-இல் ரைசன் வாங்கியவர்களில் பலர், பயாஸ் திருத்தத்துக்குப் பின் 2022-இல் வந்த புராசசரையும் அதே போர்டில் பொருத்த முடிந்தது. இன்டெல்லின் 1700 சாக்கெட்டோ 2021-இல் வந்து, 2024-இல் புதிய சாக்கெட்டுக்கு இடம் விட்டது. ராமை ஒரே 16 ஜிபி பலகையாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி பலகைகளாக வாங்குக. டி.டி.ஆர்.4-3200 ராம் ஒரு வழியில் நொடிக்கு 25.6 ஜிபி தரவு கடத்தும். இரு வழியில் 51.2 ஜிபி கடத்தும். கார்டு இல்லாத கணிப்பொறியில் இவ்வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

4. குறைக்கலாகாத இடம்

இனிச் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். பவர் சப்ளையில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள்! எல்லாப் பகுதிக்கும் மின்சாரம் ஊட்டுவது அதுவே. அது கெட்டால் தான் மட்டும் கெடாது. எங்கள் விடுதி நண்பர் ஒருவர், காபினெட்டோடு இலவசமாக வந்த பெயரற்ற பவர் சப்ளையைப் பொருத்தினார். கோடையில் ஒருநாள் மின்சாரம் போய் வந்தது. மதர்போர்டும் கார்டும் அன்றே அணைந்தன. அவர் மிச்சம் பிடித்தது ஓர் ஆயிரத்துச் சொச்சம். இழந்ததோ ஓர் அரையாண்டின் உதவித்தொகை.

வாட் கணக்கைப் பார்த்து அஞ்சவும் வேண்டா. மேலே சொன்ன கார்டு 132 வாட் கொள்ளும். புராசசர் உச்சத்தில் 76 வாட் கொள்ளும். மற்றவற்றுக்கு 50 வாட் என்றாலும் மொத்தம் 260-ஐ எட்டாது. நல்ல நிறுவனத்தின் 450 முதல் 550 வாட் வரையுள்ள பவர் சப்ளை தாராளமாகப் போதும். பெயரற்ற 800 வாட்டைவிட அது மேல். பெட்டியில் உள்ள 80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் பயன்படுகிறது என்பதைச் சொல்வது. பாதுகாப்புக்கு அது உறுதி தராது. மின்னழுத்தம் மிகும்போதும் சுருக்குச்சுற்று நேரும்போதும் தானே அணையும் காப்புகள் உண்டா, எத்தனை ஆண்டு வாரண்டி என்று தனியே கேளுங்கள்.

5. பழைய பொருள் வாங்குவோர்க்கு

2020, 2021 ஆண்டுகளில் ஈத்தரியம் நாணயம் ‘தோண்டு’வோர் கார்டுகளை வாங்கிக் குவித்தனர். 2022 செப்டம்பரில் அம்முறை நின்றதும் அவை பழைய சந்தைக்கு வந்தன. அத்தகைய கார்டெல்லாம் கெட்டது என்று ஒதுக்க வேண்டா. ஓடவிட்டுப் பாராமல் வாங்கவும் வேண்டா. அரைமணி நேரம் கடினமான விளையாட்டில் ஓடவிட்டு, வெப்பத்தையும் விசிறியின் ஓசையையும் கவனித்து, பெட்டியிலுள்ள வரிசை எண்ணும் கார்டிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். பழைய பவர் சப்ளையை மட்டும் வாங்கவே வேண்டா.

விலைகள் நாளும் மாறுவன. 2025-இன் இறுதியில் ராமின் விலை கடுமையாக ஏறியதைக் கண்டோம். ஆகவே பிறர் எழுதிய பட்டியலை அப்படியே பின்பற்றாமல், வாங்கும் வாரத்தில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, உங்கள் பட்டியலை நீங்களே எழுதுங்கள். எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழையுங்கள். தாளில் இல்லாத பொருளைக் கடைக்காரர் எத்தனை இனிமையாகப் புகழ்ந்தாலும் புன்னகையோடு மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். பின்னால் வாரண்டிக்குப் போகும்போது உங்களுக்காகப் பேசுவது அந்தத் தாள்தான்.