பசியும் லெப்டின் ஹார்மோனும்

பசி வயிற்றில் தோன்றுவது என்றே நாம் பொதுவாக எண்ணி வருகிறோம். வயிறு வெறுமையானால் பசிக்கிறது, நிரம்பினால் அடங்குகிறது. ஒரு வேளை உணவைப் பொறுத்த அளவில் இவ்விளக்கம் போதும். ஆனால், பல்லாண்டுக் காலம் கணக்குப் பாராமல் உண்டும் உழைத்தும் வாழும் பலருடைய எடை பெரிய மாற்றமின்றி நிலைத்து நிற்பது எவ்வாறு என்ற கேள்விக்கு வயிறு விடை தராது. உடலில் சேர்ந்துள்ள கொழுப்பின் அளவை மூளை அறிந்து, அதற்கேற்பப் பசியைக் கூட்டியும் குறைத்தும் வருகிறது. அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்வதே லெப்டின் என்னும் ஹார்மோன். அதைப் பற்றியும், அச்செய்தியைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளைப் பற்றியும் இங்குக் காண்போம்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கு 1949-இல், அளவின்றித் தின்று மிகவும் பருத்துவிடும் ஒருவகைச் சுண்டெலிகள் பிறந்தன. ஒரு மரபணுவில் நேர்ந்த பழுதே இதற்குக் காரணம் எனக் கண்டனர். 1966-இல் வேறொரு மரபணு பழுதுற்ற மற்றொரு வகை தென்பட்டது. இவையும் பருத்தன, அத்துடன் கடுமையான நீரிழிவுக்கும் ஆளாயின.

அங்குப் பணியாற்றிய டக்ளஸ் கோல்மன் என்பவர், இரண்டு எலிகளின் உடல்களை அறுவை செய்து ஒன்றாய் இணைத்து, ஒன்றன் குருதி மற்றொன்றினுள் செல்லும்படி செய்தார். உயிர்களுக்கு இத்தகைய துன்பம் இழைப்பது நம் வாசகர் நெஞ்சை வருத்தும். எழுதும் நமக்கும் அவ்வாறே. எனினும், அறிவு வந்த வழியை மறைத்துவிட்டு அறிவை மட்டும் எடுத்துக் கூறுவது நேர்மையாகாது என்பதால் குறிப்பிடுகிறோம்.

நீரிழிவு எலியுடன் இணைக்கப்பட்ட இயல்பான எலி, எதிரில் உணவு இருந்தும் உண்ணாமல் மெலிந்து இறந்தது. நீரிழிவு எலியோ எந்த மாற்றமுமின்றி உண்டுகொண்டிருந்தது. பருத்த முதல் வகையை நீரிழிவு எலியுடன் இணைத்தபோது, அதுவும் உணவை விடுத்து மெலிந்து இறந்தது. முதல் வகையை இயல்பான எலியுடன் இணைத்தபோது அது உணவைக் குறைத்துக்கொண்டது. துணையாயிருந்த இயல்பான எலிக்கு ஒரு கேடும் நேரவில்லை. இவற்றைக் கொண்டு கோல்மன் கண்ட முடிவு எளியது. 'போதும்' என்னும் செய்தியைத் தாங்கிய ஏதோ ஒரு பொருள் குருதியில் உலவுகிறது. முதல் வகை எலியால் அப்பொருளை ஆக்க இயலாது. இரண்டாம் வகை அதை மிகுதியாக ஆக்குகிறது. ஆயினும் அதை உணரும் திறன் அதற்கு இல்லை.

அப்பொருள் யாது என்பது நெடுங்காலம் தெரியவில்லை. 1994-இல் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் முதல் வகை எலியின் பழுதுற்ற மரபணுவைக் கண்டறிந்தனர். அது ஆக்கும் புரதம் 167 அமினோ அமிலங்களால் ஆனது. கொழுப்புத் திசுவில் உண்டாகிறது. மெலிவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு லெப்டின் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே, 1995-இல், ஏற்பியும் கண்டறியப்பட்டது. கோல்மன் ஊகித்தது முற்றும் சரியாயிற்று.

ஏற்பி என்பது உயிரணுவின் மேலுறையை ஊடுருவி நிற்கும் புரதம். அதன் வெளிப்பகுதி லெப்டினைப் பற்றிக்கொள்கிறது. உட்பகுதி செய்தியை அணுவினுள் செலுத்துகிறது. இவ்வேற்பியில் நீண்டதும் குறுகியதுமாகப் பல வடிவங்கள் உண்டு. செய்தியை முழுமையாக உட்செலுத்த வல்லது நீண்ட வடிவமே. நீரிழிவு எலியிடம் இல்லாமற்போனது இந்த நீண்ட வடிவம்தான். மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில் இது மிகுதியாக உள்ளது. அங்கே பசியைத் தூண்டும் நரம்பணுக்களும் பசியை அடக்கும் நரம்பணுக்களும் அருகருகே அமைந்துள்ளன. லெப்டின் முன்னவற்றை அடக்கிப் பின்னவற்றைத் தூண்டுகிறது.

மனிதரிடத்தும் இப்பழுது உண்டு என்பது 1997-இல் தெரியவந்தது. பாகிஸ்தானிய வழிவந்த ஒரு குடும்பத்தில் எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ எடையும், அவளுக்கு உறவான இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோ எடையும் இருந்தனர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்கள் குருதியில் லெப்டின் ஏறத்தாழ இல்லை எனக் கண்டனர். சிறுமிக்கு லெப்டின் ஊசி நாள்தோறும் செலுத்தப்பட்டது. ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. குறைந்ததில் பெரும்பகுதி கொழுப்பே. அதற்கு முன் அக்குழந்தையை அடக்கமற்றவள் என்று பிறர் எண்ணியிருக்கக்கூடும். அவள் மூளையோ, 'உடலில் கொழுப்பே இல்லை, பட்டினி' என்று ஓயாமல் கூறிக்கொண்டிருந்தது.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே இந்நோய் தோன்றும். ஆகவே நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்ளும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு மிகுதி. மாமன் மகள், அக்காள் மகள் என மணம் முடிக்கும் வழக்கம் தமிழகத்திலும் உண்டு என்பதால் இதனைக் குறித்து வைக்கிறோம். நோய் மிகவும் அரியது, அஞ்ச வேண்டியதில்லை.

லெப்டின் கண்டறியப்பட்ட நாளில், பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே உலகம் நம்பியது. ஆம்ஜென் என்னும் நிறுவனம் உரிமம் பெற இரண்டு கோடி டாலர் அளித்தது. ஆனால் பருமனாக உள்ளோர் பெரும்பாலோரின் குருதியில் லெப்டின் குறைவாக இல்லை, மிகுதியாகவே உள்ளது என 1996-இல் தெரிந்தது. 1999-இல் வெளியான ஆய்வில், அவர்களுக்கு மேலும் லெப்டின் செலுத்தியும் பெரும்பாலோர்க்குச் சிறிதளவே பயன் விளைந்தது. ஏற்பியில் பிறவிப் பழுது இல்லாமலே மூளை செய்திக்குச் செவிசாய்க்காத இந்நிலையை லெப்டின் எதிர்ப்பு என்கின்றனர். ஆதலால் லெப்டினைப் பெருக்குவதாகக் கூறி விற்கப்படும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் பணத்தை இழக்க வேண்டா.

லெப்டினின் முதன்மைப் பணி பருமனைத் தடுப்பதன்று, பட்டினியை அறிவிப்பதே என்று கருதுவோர் பலர். நமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. உண்ணாதிருந்தால், கொழுப்புக் கரைவதைக் காட்டிலும் வேகமாக, ஓரிரு நாட்களிலேயே லெப்டின் குறைகிறது. பசி கூடுகிறது. பட்டினி நீடித்தால் தைராய்டு ஹார்மோன் தாழ்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதும் உண்டு. உடல் செலவைச் சுருக்கிக்கொள்ளும் முறை இது. நோன்பு நோற்போர் அடக்கி வெல்லும் பசிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு எனலாம். எனினும் இதைக் கொண்டு நோன்பின் சிறப்பை அறிவியல் மெய்ப்பித்தது என்று மேடையில் முழங்குவது பொருந்தாது. முயன்று எடையைக் குறைத்தோர் மீண்டும் பருப்பதற்கும் இக்குறைவு ஒரு காரணம். எடை குறைந்தவுடன் லெப்டினும் குறைய, மூளை அதைப் பஞ்சம் எனக் கொள்கிறது. அவர்களை மன உறுதியற்றோர் எனப் பழிப்பது முறையன்று.

இதற்கு நேர்மாறான ஒரு நோயும் உண்டு. சிலருக்கு உடலில் கொழுப்புத் திசுவே உருவாவதில்லை. ஒல்லியாகத் தோன்றும் இவர்களுக்கு லெப்டின் மிகக் குறைவு. தீராப் பசியும், நீரிழிவும், கல்லீரலில் கொழுப்புப் படிதலும் வாட்டும். இவர்கட்கு லெப்டின் மருந்து நற்பயன் தருகிறது. அமெரிக்கா 2014-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இலும் அதற்கு இசைவளித்தன.

ஏற்பியிலேயே பிறவிப் பழுது உள்ளோரின் நிலை வேறு. 1998-இல் ஒரு குடும்பத்தின் மூன்று சகோதரிகளிடம் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதனைக் கண்டனர். வாங்கிக்கொள்ளும் கதவே இல்லாதபோது எவ்வளவு லெப்டின் செலுத்தினும் பயனில்லை. கதவைக் கடந்து உள்ளே நிகழ வேண்டிய அடுத்த செயலை நேரே தூண்டும் செட்மெலனோடைடு என்னும் ஊசி மருந்துக்கு, இத்தகையோர் பொருட்டு, அமெரிக்கா 2020 நவம்பரில் இசைவளித்தது. ஆறு வயது நிறைந்த சிறுவர்க்கும் அப்போதே அது பொருந்துவதாயிற்று. மரபணுச் சோதனையில் பழுது உறுதிப்பட்ட பின்னரே அதனை வழங்குகின்றனர்.