இரவல் பெயரில் மனு வேண்டாம்

அன்புள்ள மருமகனுக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கத்து மனைக்காரர் ஓடையையும் சேர்த்து வானம் தோண்டுகிறார், நேரில் கேட்டால் பகை வரும், வெளியூர்க்காரர் ஒருவர் செலவுக்குக் கொடுத்தால் தன் பெயரில் புகார் கொடுப்பதாகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் மருமகனே.

நில அளவையில் காலம் தள்ளியவன் சொல்கிறேன். மனு யார் பெயரில் இருக்கிறதோ, அதை வாபஸ் வாங்குவதும் அவர் கையில்தான். உன்னிடம் வாங்கியவர் நாளைக்கு எதிராளியிடமும் வாங்கிக்கொண்டு சமாதானம் என்று எழுதிக் கொடுத்தால் நீ வாய் திறக்க முடியாது. மொட்டைக் கடுதாசி அதைவிடப் பயனற்றது. விசாரிக்க ஆளில்லை என்று முடித்துவிடுவார்கள்.

அந்த வெளியூர்க்காரர் நேர்மையான மனிதராகவே இருக்கட்டும். அப்போது என் பயம் இன்னும் கூடுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம் சட்டவிரோதக் குவாரிகள் மீது புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரியில் லாரி மோதி இறந்தார். அது கொலை வழக்காகி, குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள். உனக்கு ஆபத்து வரலாம் என்று நீ பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அதைக் காசு கொடுத்து இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தலையில் கட்டலாமா?

ஒற்றை ஆளாகவும் போகாதே. ஓடையை மறித்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் எந்தத் தெருவுக்குள், யாருடைய திராட்சைத் தோட்டத்துக்குள் ஏறும் என்று உங்கள் ஊர் ஓடைப்பட்டியில் எல்லோருக்கும் தெரியும். அவர்களைக் கூப்பிடு. பத்துக் கையெழுத்து விழுந்த மனுவில் எவன் மீது பகை வைப்பது என்று தெரியாது. வார்டு கவுன்சிலரையும் சேர்த்துக்கொள். அவருக்கு அது கடமை.

அதற்குமுன் அ-பதிவேட்டு நகலும் புலப்படமும் எடு. ஓடை எந்த சர்வே எண்ணில் புறம்போக்காக இருக்கிறது, கரை எங்கே வளைகிறது, அகலம் என்ன என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். மூலைக்கல் தென்பட்டால் அதிலிருந்து டேப் பிடித்துப் பார். நீ அளந்தது உன் தெளிவுக்கு மட்டும்தான். மனுவில் 'அரசு சர்வேயரைக் கொண்டு அளந்து அத்து காட்ட வேண்டும்' என்றே கேள். அப்படியே உன் வீட்டு வாசல்படி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடு. முதல் கேள்வி அதுவாகத்தான் வரும்.

ஓடைப் புறம்போக்கு தாசில்தார் பார்க்க வேண்டியது. 1905ஆம் வருட ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். அனுமதி வரைபடம் இல்லாமலோ பக்கவாட்டில் இடம் விடாமலோ கட்டினால், அது 2019 கட்டட விதிகளின்படி பேரூராட்சி செயல் அலுவலருக்குப் போக வேண்டியது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் அவர் இவரைக் கைகாட்டுவார், இவர் அவரைக் கைகாட்டுவார். தனித்தனியாக எழுதி, பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. பதில் இல்லையென்றால் தேனி கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மனு என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க முடியாது.

இதெல்லாம் சென்ட்ரிங் அடிப்பதற்குள் நடக்க வேண்டும். கான்கிரீட் போட்டுக் குடியும் வந்துவிட்டால் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான். ஆனால் மனுவுக்கு முன் தெருப் பெரியவர் இருவரைக் கூட்டிக்கொண்டு அந்த மனைக்காரர் வீட்டுக்கே போய், படத்தைக் காட்டிப் பேசு. அவருக்கே எல்லை தெரியாமல் இருக்கலாம். ஒத்துவராவிட்டால் மனுவின் நகலை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா