எண்களைச் சீராக்கும் லைப்ரரி: ஐம்பது வரி கோடும் கிள்ளான் பள்ளத்தாக்கின் எண்களும்

எண் தரவைச் சீராக்கும் லைப்ரரியை ஒரு மாலையில் எழுதிவிடலாம். சூத்திரம் இரண்டுதான். மதிப்பிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து வீச்சால் வகுத்தால் எல்லாம் 0-க்கும் 1-க்கும் நடுவில் வந்து உட்காரும். சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் எல்லாம் 0-ஐச் சுற்றி நிற்கும். மாதச் சம்பளம் 5,000 வெள்ளி, வயது 40 என்று இரண்டு பத்திகள் இருந்தால், தூரம் கணக்கிடும் மாடலுக்குச் சம்பளம் மட்டுமே கண்ணில் படும். அதற்காகத்தான் இந்த வேலை.

பைத்தான் மொழியில் நம்பை, பாண்டாஸ், சைக்கிட்-லேர்ன் எல்லாம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். சின்னக் கருவியில் ஓட்ட வேண்டியிருக்கும், அல்லது பெரிய லைப்ரரியை இழுத்துவர மனம் வராது. நியாயமான காரணங்களே. ஆனால் சிக்கல் சூத்திரத்தில் இல்லை, நம் மலேசியாவில் எண்கள் வந்துசேரும் விதத்தில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

எல்லையை வெளியிலிருந்து கொடுக்க வழி வையுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டாலும் உங்கள் லைப்ரரி தேறிவிடும். 2005 ஆகஸ்ட் புகைமூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை இங்கே வந்து இறங்கியது. நாம் ஐ.பி.யு. என்று சொல்லும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் 500-ஐத் தாண்ட, ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரண்டு இடங்களிலும் அவசரநிலை அறிவித்தார்கள். ஒரு பத்தியில் குறைந்தபட்சம் 30, அந்த நாளின் உச்சம் 530 என்று வைத்துச் சூத்திரத்தை ஓட்டுங்கள். சாதாரண நாளின் 50 என்பது 0.04 ஆகிறது. 80 என்பது 0.10. பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் 100 என்பது 0.14. ஆண்டு முழுவதும் நாம் சுவாசித்த காற்றின் வேறுபாடு அத்தனையும் அளவுகோலின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்த ஒரு நாளை நீக்கிவிட்டு ஓட்டினால் 50-உம் 80-உம் வேறெங்கோ போய் நிற்கும். தரவில் இருந்தே எல்லையை எடுக்கும் லைப்ரரிக்கு நேற்றைய 0.5-உம் இன்றைய 0.5-உம் ஒன்றல்ல.

ஐ.பி.யு.வைப் பாருங்கள், அதுவே ஒரு சீராக்கம்தான். நுண்துகளைக் கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அளப்பார்கள், கார்பன் மோனாக்சைடைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளப்பார்கள். இரண்டையும் கூட்டவும் முடியாது, ஒப்பிடவும் முடியாது. ஒவ்வொன்றையும் முன்பே வகுத்த வெட்டுப்புள்ளிகளின்படி ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, அவற்றில் பெரியதைக் குறியீடாகச் சொல்கிறார்கள். 50 வரை நலம், 100 வரை மிதம், 200 வரை சுகாதாரக் கேடு, 300 வரை மிகுந்த கேடு, அதற்கு மேல் ஆபத்து. இந்த எல்லைகளை மனித உடலுக்கு என்ன ஆகும் என்பதை வைத்துப் போட்டார்கள். அந்த மாதம் என்ன எண் வந்தது என்பதை வைத்துப் போடவில்லை. உங்கள் லைப்ரரியும் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் பயனரிடம் கேட்டு வாங்கட்டும். தரவிலிருந்து கணக்கிடுவது இரண்டாம் வழியாக இருக்கட்டும்.

எண்ணாக மாற்றும் முன் எழுத்தைப் படியுங்கள். பழைய ஐ.பி.யு. அட்டவணைகளில் எண்ணோடு ஒரு நட்சத்திரக் குறியோ ஓர் எழுத்தோ ஒட்டிக்கொண்டு வரும். எந்த மாசு அந்த எண்ணை உண்டாக்கியது என்பதன் அடையாளம் அது. 'எண் அல்லாததை எல்லாம் வெட்டு' என்று ஒரு வரி எழுதினால் அந்தத் தகவல் போய்விடும். வெட்டுங்கள், ஆனால் வெட்டியதைப் பக்கத்துப் பத்தியில் வையுங்கள். விலைப்பட்டியல்களில் எண்ணுக்கு முன்னால் 'ஆர்எம்' ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு, அதை வெட்டுவது எளிது. இந்தோனேசியாவிலிருந்து வரும் சரக்குப் பட்டியலில்தான் கவனம் வேண்டும். அங்கே 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. பைத்தான் அதை ஒன்றேகால் என்று படித்துவிட்டு வாய் திறக்காது. பிழைச் செய்தி வந்தால் திருத்தலாம், வராததுதான் தொல்லை. சென்னைக் கணக்கில் 1,00,000 என்று வரும். காற்புள்ளியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

தமிழ் இலக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ௧௨ என்பதைப் பைத்தான் தானாகவே 12 என்று படித்துக்கொள்ளும். பத்தைக் குறிக்கும் ௰ வந்தால் படிக்காது, பிழை காட்டும். பழைய கணக்கேடுகளைத் தட்டச்சு செய்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அசையாத பத்திக்கு என்ன விடை என்று முடிவுசெய்து எழுதி வையுங்கள். நம் டீசல் விலையை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. 2023 முழுவதும் தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளி, ஒரு சென் கூட அசையவில்லை. அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் பூஜ்யம், திட்ட விலக்கமும் பூஜ்யம். வெறும் பைத்தான் வகுக்க முடியாது என்று நின்றுவிடும். நம்பை ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு 'எண் இல்லை' என்று நிரப்பும். சைக்கிட்-லேர்ன் பூஜ்யத்துக்குப் பதில் 1-ஐ வைத்து வகுத்து எல்லாவற்றையும் 0 ஆக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். 2024 ஜூன் 10-இல் மானியத்தை எடுத்து விலை 3.35 ஆனதும், அதே அளவுகோல் 1.20 என்று விடை தரும். மற்ற பத்திகளில் 1.20 என்றால் சராசரியிலிருந்து ஒன்றேகால் திட்ட விலக்கத்துக்குச் சற்றுக் குறைவு, வழக்கமாக வரக்கூடியதுதான். இங்கே அது வெறும் 1 வெள்ளி 20 சென், சீராக்கப்படாத விலை வித்தியாசம். 'இந்தப் பத்தி அசையவில்லை, சீராக்க முடியாது' என்று சத்தமாகச் சொல்லும் லைப்ரரியே எனக்குப் பிடித்தது.

பயன்படுத்திய எல்லைகளைச் சேமியுங்கள், மூல எண்ணையும் விட்டுவிடாதீர்கள். 0.37-ஐக் கையில் கொடுத்தால் அதை மறுபடி வெள்ளியாகவோ மில்லிமீட்டராகவோ ஆக்கத் தெரிய வேண்டும்.

ஆள்தொகையால் வகுக்க வேண்டியதை முதலில் வகுங்கள். கோவிட் காலத்தில், 2021-இல், சுகாதார அமைச்சு மாநிலவாரி எண்ணிக்கையைக் கிட்ஹப்பில் பொதுவில் வைத்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிலாங்கூரில் ஏறக்குறைய 70 லட்சம் பேர், புத்ராஜெயாவில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். இரண்டு இடத்திலும் நூறு நூறு பேருக்குத் தொற்று என்றால், லட்சத்துக்கு ஒன்றரைக்கும் குறைவு ஒரு பக்கம், தொண்ணூறுக்கு மேல் இன்னொரு பக்கம். இதைச் செய்யாமல் மின்-மேக்ஸ் எனப்படும் முதல் சூத்திரத்தை ஓட்டினால் மக்கள்தொகையைத்தான் வரைந்து காட்டுவீர்கள்.

ஒன்றிரண்டு பெரிய எண்கள் மற்றதை அமுக்கினால் சராசரிக்குப் பதில் இடைநிலையையும், திட்ட விலக்கத்துக்குப் பதில் கால்மான வீச்சையும் வைத்துப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

எல்லையைத் தாண்டி வந்த எண்ணைச் சத்தமில்லாமல் 1-க்கு வெட்டாதீர்கள். 0 முதல் 500 என்று வைத்திருக்கும்போது 530 வந்தால் விடை 1.06. அசிங்கமாகத் தெரியும்தான். ஆனால் கிள்ளான் துறைமுகத்தில் அவசரநிலை அறிவித்த நாள் அதுதான். அதைப் போய் வெட்டிவிட்டு மற்ற நாள்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெட்டும் வசதி இருக்கட்டும், பயனர் கேட்டால் மட்டும்.

சோதனைக்கு ஒதுக்கிய தரவை எட்டிப் பார்க்காதீர்கள். முழுத் தரவையும் சீராக்கிவிட்டுப் பிறகு பயிற்சிக்கு, சோதனைக்கு என்று பிரிப்பது தேர்வுத்தாளை முதல் நாளே பார்த்துவிட்டு உட்காருவதுதான். பயிற்சித் தரவில் எல்லையைக் கணக்கிடுங்கள், அதே எல்லையைச் சோதனைத் தரவுக்கும் போடுங்கள். 'கற்றுக்கொள்', 'மாற்று' என்று இரண்டு தனிச் செயல்களாக எழுதினால் இந்தத் தவறு பாதி குறையும்.

காலி இடத்தை 0 ஆக்காதீர்கள். நிலையத்தில் கருவி பழுதான நாள் காற்று தூய்மையான நாள் ஆகிவிடும்.

அளவீட்டு முறை மாறிய தொடரை ஒரே தொடராக எண்ணாதீர்கள். 2018-இல் ஐ.பி.யு. கணக்கில் 2.5 மைக்ரான் துகளையும் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் வந்த 70-உம் பின்னால் வந்த 70-உம் ஒரே காற்று என்று சொல்ல முடியாது. இரண்டையும் தனித்தனியே சீராக்கி ஒட்டுவது இன்னும் மோசம், மாற்றம் நடந்ததே தெரியாமல் போகும்.

நடுவில் முழுமையாக்காதீர்கள். 2008 ஏப்ரல் 1 முதல் கடையில் ரொக்கம் கொடுத்தால் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குக் கொண்டுவருகிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக்கடை முதலாளிக்கும் தெரியும், மொத்தத்துக்குத்தான் அந்த விதி, ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல. 1.02 வெள்ளி வீதம் மூன்று பொருள் வாங்கினால் கூட்டு 3.06, கொடுப்பது 3.05. ஒவ்வொன்றையும் முதலில் 1.00 ஆக்கினால் 3.00 ஆகிவிடும். இலக்கங்களைத் திரையில் காட்டும்போது குறையுங்கள், கணக்கில் குறைக்காதீர்கள்.

திட்ட விலக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று நம்பிவிடாதீர்கள். 50, 60, 70 என்ற மூன்று எண்ணைக் கொடுத்தால் பாண்டாஸ் 10 என்கிறது, நம்பை 8.16 என்கிறது. முன்னது ஒன்று குறைத்து வகுக்கிறது, பின்னது முழு எண்ணிக்கையால் வகுக்கிறது. இரண்டும் சரி. ஒன்றில் எழுதி மற்றொன்றில் சோதித்துவிட்டு எங்கே பிழை என்று இரவெல்லாம் தேடுபவர்கள் உண்டு. எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே போடுங்கள்.

கடைசியாக, தேவையில்லாத இடத்தில் சீராக்காதீர்கள். முடிவு மரம், ரேண்டம் ஃபாரஸ்ட் போன்றவை எண்களின் வரிசையை மட்டுமே பார்க்கும், அளவைப் பார்க்காது. அங்கே உங்கள் லைப்ரரி ஓர் இம்மியும் உதவாது. முதலில் அது இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். விடை மாறவில்லை என்றால் அந்த ஐம்பது வரியையும் அழித்துவிடுங்கள்.