காபிக்கு முன் காலையில் என்ன?

கேள்வி: காபி வருவதற்கு முன் தமிழ்நாட்டில் காலையில் என்ன குடித்தார்கள்?

பதில்: பெரும்பாலும் நீராகாரம். முதல் நாள் சோற்றில் ஊற்றிவைத்த தண்ணீர் விடிவதற்குள் லேசாகப் புளித்திருக்கும். உப்பும் மோரும் சேர்த்துக் குடித்துவிட்டு வயலுக்குப் போனார்கள். மானாவாரிச் சீமைகளில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் பசி, தாகம் இரண்டையும் தீர்த்தன.

பனங்காட்டு ஊர்களில் பதநீரும் கள்ளும் இருந்தன. இரண்டும் ஒரே பாளையில் வடியும் சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். இத்தனை எளிய, நுட்பமான தொழில்நுட்பத்தைப் பனையேறிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்தது பெரிய விஷயம்.

காபி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரத்து நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்தது. கள்ளுக்கு இணையான கெட்ட பழக்கம் என்று அதைக் கண்டித்தவர்களும் உண்டு. காபி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கிய அநீதியும் கூடவே வந்தது. ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் 1957-இல் சென்னையில் போராட்டமே நடத்தினார்.

தேநீர் காபிக்குப் பிறகுதான் பரவலானது. 1930-களில் தேயிலை வாரியத்தினர் ஊர் ஊராகப் போய், போட்டுக் காட்டி, இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்கள்.

கள் மட்டும் வெளியே நிற்கிறது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். இன்று டாஸ்மாக்கில் பிராந்தி கிடைக்கிறது, கள் இறக்கத் தடை நீடிக்கிறது. பனைத் தொழிலாளர்களுக்கு இது நியாயமில்லை.